தீபாவளிக் காலையில் அடுப்பில் மூன்றே பாத்திரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் என்று தனியாக ஒரு நாள் கிடையாது. 1964இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. லேத் பட்டறையோ, எக்ஸ்போர்ட் கம்பெனியோ, இப்போது வந்திருக்கும் ஐ.டி. அலுவலகமோ, பல இடங்களில் முந்தின நாள் ஷிப்ட் முடிந்துதான் ஆளை விடுகிறார்கள். கையில் போனஸ், தோளில் பை, அம்பத்தூர் ஓ.டி. கடைவீதியில் நெரிசல், கூடவே ஐப்பசி மழை. வீட்டுக்கு வந்து சேர ஏழரை எட்டு ஆகிவிடும். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு எல்லார் தலையிலும் எண்ணெய் வைக்க வேண்டும். ஏழு மணிக்குள் அரக்கோணம் பக்கமிருந்து முதல் வண்டியில் நாத்தனார் குடும்பம் இறங்கிவிடும். தலைதீபாவளி மாப்பிள்ளை இருந்தால் அவர் முந்தின நாள் இரவே வந்திருப்பார்.

இருபது பேர் கூடும் வீட்டில் எல்லாவற்றையும் முந்தின இரவுக்கு விட்டால் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரே ஒருவர், இரண்டு மணிவரை வாணலி முன்னால் நிற்பார். அதைத் தவிர்க்கத்தான் இந்த அத்தியாயம். நான் சொல்லும் கணக்கு எளியது: தீபாவளிக் காலையில் அடுப்பில் ஏறுவது மூன்றே பாத்திரம். இட்லிக் குண்டான், கொதிக்க வைக்கும் குழம்பு, வடைச் சட்டி. மற்றதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முன்பே முடிக்க முடியாத பண்டம் உங்கள் மெனுவில் இருந்தால், அதை வெட்டிவிடுங்கள் அல்லது கடையில் வாங்குங்கள்.

முதலில் காலண்டர்

பட்சணப் பட்டியல் போடும் முன் தினசரி காலண்டரில் ஒன்றைப் பாருங்கள். கேதார கௌரி நோன்பு எந்த நாளில் வருகிறது? தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில், நோன்பு அமாவாசையில். சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் விழும், சில வருஷம் மறுநாளுக்குத் தள்ளும். சென்னை, திருவள்ளூர், வேலூர் பக்கத்து வீடுகளில் இந்த நோன்பு பரவலாக உண்டு. ஒரே கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் நோன்பு எடுப்பவராகவும், இளையவள் ‘நோன்பு இல்லாத வீட்டுப் பெண்’ணாகவும் இருப்பது சகஜம்.

மெனுவை மாற்றுவது இதுதான். நோன்பு மறுநாள் என்றால் தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் தாராளமாக வைக்கலாம். ஆனால் அன்றிரவே பாத்திரங்களைத் தேய்த்து அடுப்படியைக் கழுவிவிட வேண்டும். ஒரே நாள் என்றால் நோன்பு எடுப்பவர் மாலை பூஜை முடித்துக் கயிறு கட்டும்வரை வீட்டில் கவிச்சி கூடாது. அந்த வருஷம் காலைக்கு இட்லி, வடை, கொத்சு என்று சைவமாகப் போய்விட்டு, கறியை மறுநாளுக்கு வைப்பதுதான் நிம்மதி. ‘அவங்க நோன்பு இருக்கட்டும், நாம கறி சாப்பிடுவோம்’ என்று இரண்டு அடுப்பு வைத்த வீடுகளில் சாப்பாட்டைவிட மனஸ்தாபம்தான் அதிகம் பரிமாறப்படுகிறது.

நோன்புக்கு அதிரசம் இருபத்தொன்று, வெற்றிலை இருபத்தொன்று, பாக்கு, மஞ்சள் எல்லாம் அதே கணக்கு என்பது பல வீட்டு வழக்கம். இரண்டு பேர் எடுத்தால் பூஜைக்கு மட்டும் நாற்பத்திரண்டு அதிரசம் போய்விடும். இதை மறந்து மாவு போட்டால் பூஜை முடியும்வரை பிள்ளைகள் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

எது எத்தனை நாள் தாங்கும்

ஆசைப்பட்டதை எழுதி வைத்துவிட்டு நாள் தேடுவது வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். எது எத்தனை நாள் கெடாமல் இருக்குமோ அதன்படி பட்டியல் போட்டால் நாள் தானாகவே பிரிந்துவிடும்.

ஈரமே இல்லாதவை முதலில். தேன்குழல், ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி ஆகியவை நல்ல எண்ணெயில் சுட்டு, நன்றாக ஆறவைத்து மூடினால் இரண்டு வாரம் நிற்கும். அடுத்தது வெல்லமும் நெய்யும் காப்பாற்றுபவை: லேகியம் ஒரு மாதம் இருக்கும், அதிரசம், மைசூர்பாகு, பால் தெளிக்காத ரவா லட்டு எல்லாம் ஒரு வாரம் தாராளம். ரவா லட்டு உருட்ட வரவில்லையென்று பால் தெளித்தீர்களோ, அதன் ஆயுள் இரண்டு நாள்தான். உருக்கிய நெய்யைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு உருட்டுங்கள். சோமாசுக்குக் கொப்பரைத் துருவல் என்றால் வாரம் தாங்கும். பச்சைத் தேங்காய்ப் பூரணம் என்றால் அன்றே தின்றுவிட வேண்டும். பால்கோவா வகைகளை நான் இந்தப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. ஆவின் கடைகளில் தீபாவளிக்கென்று பால் இனிப்புகள் வருகின்றன, அம்பத்தூரிலேயே ஆவின் பால்பண்ணை இருக்கிறது. இரண்டு நாள் முன்னால் வாங்கினால் போதும். கடையில் தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டு இனிப்பு, இரண்டு காரம், லேகியம். வீட்டில் செய்ய இது போதும் என்பது என் கட்சி. ஏழு வகை செய்து, தீபாவளிக்குப் பத்து நாள் கழித்தும் மிக்சர் டப்பாவோடு மல்லுக்கட்டும் வீடுகள் நிறைய.

மாவு மில்லும் தேன்குழலும்

சிலிண்டரைப் பத்து நாள் முன்பே பதிவு செய்துவிடுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் பாதியில் இருக்கிறது என்று நம்பி வாணலி வைக்கக் கூடாது. பண்டிகை வாரத்தில் டெலிவரி தாமதமாகும்.

மில்லுக்கு ஒரு வாரம் முன்னால் போகவேண்டும். தேன்குழலுக்கு நாலு பங்கு பச்சரிசி, ஒரு பங்கு உளுந்து. அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, உளுந்தை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, இரண்டையும் தனித்தனியாக அரைத்து வாங்குங்கள். மில்லில் நிற்கும் இடம் முக்கியம். உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் உங்கள் மாவின் முதல் இரண்டு பிடி சிவப்பாகத்தான் வரும். அரிசி கொண்டுவந்தவர் பின்னால் நில்லுங்கள். ஈரமாவுக்கு இந்த வாரத்தில் தனி நேரம் வைத்துவிடுவார்கள்.

“என்னம்மா, பச்சரிசியா? ஈரமா?”

“ஆமாண்ணா, அதிரசத்துக்கு.”

“அப்ப ஓரமா வை. ஈரமாவு பதினோரு மணிக்கு மேலதான் ஓட்டுவேன்.”

ஊறவைத்த அரிசியோடு போய் இதைக் கேட்டால் திரும்பி வரத்தான் வேண்டும். முந்தின நாளே நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி அரிசியை ஊறப்போடுங்கள்.

ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து மாவில் சுட்ட தேன்குழல், கூட ஒரு ரிப்பன் பக்கோடா இருந்தால், இருபது பேருக்கும் அக்கம்பக்கத்துத் தட்டுகளுக்கும் சரியாக இருக்கும். மாவை இரண்டு முறை சலியுங்கள். உளுந்துக் குருணை தங்கினால் எண்ணெயில் வெடிக்கும். அரைக் கிலோ மாவுக்கு ஐம்பது கிராம் வெண்ணெய், சீரகம், பெருங்காயத் தண்ணீர், உப்பு. எல்லா மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைக்காதீர்கள். பிசைந்த மாவு நேரமாக ஆகப் புளிக்கும், கடைசி ஈடு செக்கச்செவேலென்று சிவந்து எண்ணெய் குடிக்கும். இரண்டு ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள், மற்றது உலர்ந்த மாவாகவே இருக்கட்டும்.

வெந்ததற்கு அடையாளம் நிறமில்லை, சத்தம். பிழிந்தவுடன் எண்ணெய் சலசலவென்று கொதிக்கும். சலசலப்பு அடங்கி, நுரை வற்றினால் ஜல்லிக்கரண்டியில் எடுக்கலாம். பிறகு ஆறவிடுவது. மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப் போவதற்குப் பாதிக் காரணம் வெளிக்காற்று, மீதி அவசரம். உள்ளே சூடு இருக்கும்போதே டப்பாவை மூடினால் அந்த ஆவி மூடியில் நீராகித் திரும்ப முறுக்கின் மேலேயே விழும். தட்டில் பரப்பி, ஃபேன் போடாமல், கை வைத்தால் சூடே தெரியாத வரை விட்டு, பிறகு எவர்சில்வர் சம்படத்தில் அடுக்குங்கள். தினமும் பிள்ளைகள் எடுத்துத் தின்ன ஒரு சின்ன டப்பா தனியாக. பெரிய சம்படம் தீபாவளியன்றுதான் திறக்க வேண்டும்.

சுட்ட எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, தாளிக்க மட்டும் சில நாளில் தீர்த்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு உதவாது என்று 2018 முதல் ஹோட்டல்களுக்கே சட்டம் இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை; கறுத்து, பிசுபிசுத்து, காயும்போதே புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். அந்த எண்ணெயில் தீபாவளிக் காலை வடையைச் சுடாதீர்கள்.

அதிரசம்

இதற்கு மூன்று நாள் வேண்டும், குறுக்குவழி கிடையாது. மாவுப் பச்சரிசி ஒரு கிலோ, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்புங்கள். பிடித்தால் கையில் ஒட்டவேண்டும், ஆனால் தண்ணீர் தெரியக் கூடாது. அந்த ஈரத்தில் அரைக்க வேண்டும். மழைநாளில் இந்த நிலை வர நேரமாகும், பொறுங்கள். வெல்லம் முக்கால் கிலோ. தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி காய்ச்சுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் சேர வேண்டும். விரலால் கூட்டி எடுத்தால் தளர்ந்த உருண்டையாக வர வேண்டும். கெட்டி உருண்டையாக வந்தால் அதிரசம் கல்லாகும், கரைந்துபோனால் எண்ணெயில் பிரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, ஏலக்காய், சுக்குப் பொடியோடு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். இட்லி மாவைவிடக் கெட்டியாக, சற்றுத் தளர்வாகத் தெரியும்போதே நிறுத்துங்கள். ஆறினால் தானாக இறுகும். மேலே ஒரு கரண்டி நெய் தடவி மூடி, இரண்டு நாள் வெளியிலேயே வைக்கலாம்.

சுடும்போது நெருப்பு மிதமாக இருக்கட்டும். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். மாலையில் வேலை முடித்து வரும் கணவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். உட்கார்ந்தபடி செய்யலாம், சீரியலும் பார்க்கலாம். ஒரு கிலோ அரிசிக்கு நாற்பது அதிரசத்துக்குக் குறையாது; நோன்புக் கணக்கை இதோடு ஒட்டிப் பாருங்கள்.

லேகியத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் கலந்த தீபாவளி மருந்துப் பொடி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, அடுப்பை அணைத்து ஆறியபின் தேன். ஒரு வாரம் முன்பே முடித்து அலமாரியில் வைத்துவிடலாம்.

கறிக்குழம்பு: முந்தின இரவின் வேலை

தீபாவளிக் காலை கறிக்கடை வரிசையில் நிற்க யாரையும் அனுப்பாதீர்கள். இருபது பேருக்கு எலும்போடு இரண்டரைக் கிலோ ஆட்டுக்கறி, முந்தின நாள் மாலையே வாங்கி அன்றிரவே குழம்பாக்கிவிடுங்கள். கறியில் உப்பும் காரமும் ஊறி, மறுநாள்தான் ருசி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேங்காய் அரைத்து ஊற்றாதீர்கள், உருளைக்கிழங்கும் போடாதீர்கள். குழம்பைச் சீக்கிரம் புளிக்க வைப்பவை இவை இரண்டும்தான். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, குழம்பு மிளகாய்த்தூள், கறி. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கறி வெந்ததும் பெரிய அண்டாவோடு மூடி வைப்பதுதான் நம் வழக்கம். கவனிக்க வேண்டிய இடம் அதுதான். ஆறேழு லிட்டர் குழம்பு நடுவில் விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியில் சாகாத சில கிருமி வித்துகள் அந்த வெதுவெதுப்பில்தான் பெருகும். அவற்றில் சில விடும் நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. பாட்டி காலத்தில் வைக்கவில்லையா என்று யாராவது கேட்பார்கள். பாட்டி பொழுதுசாய ஆக்கி, படுக்கும் முன் ஒரு கொதி, எழுந்ததும் ஒரு கொதி விட்டு, ஆறு மணிக்குப் பரிமாறிவிட்டார். உங்கள் வீட்டுக் கடைசிப் பந்தி பத்தரைக்கு.

ஆகவே குழம்பை மூன்று அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒரு டப்பில் தண்ணீர் வைத்து அதில் இறக்கி, அவ்வப்போது கிளறி ஆறவையுங்கள். இறக்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். காலையில் ஒன்றாகச் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இரவே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த தேங்காய், கசகசா, சோம்பு விழுதை ஊற்றி இன்னும் பத்து நிமிஷம். கொத்தமல்லி தூவி இறக்குங்கள். சைவம் சாப்பிடுபவர் நாலு பேர் இருந்தால் அவர்களுக்குக் கத்திரிக்காய் கொத்சு. அதையும் இரவே செய்து, குழம்பு இறங்கியதும் அதே பர்னரில் சூடு பண்ணலாம்.

இடத் தட்டுப்பாடு வருவது அடுப்பில் அல்ல, ஃபிரிட்ஜில். இந்தப் பக்கத்து வீடுகளில் அதிகமாக இருப்பது 190 லிட்டர் ஒற்றைக் கதவு. முந்தின நாள் மதியமே அதிலிருந்து கோலா பாட்டில், பழைய ஊறுகாய், முருங்கைக்காய்க் கட்டு எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். உள்ளே போக வேண்டியவை: குழம்பு, தேங்காய் விழுது, பால் பாக்கெட், வடை மாவு. மழையில் டிரான்ஸ்ஃபார்மர் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும்.

இட்லி, வடை

ஆளுக்கு ஐந்து என்றால் நூறு இட்லி. அதற்கு இரண்டு கிலோ இட்லி அரிசி, அரைக் கிலோ உளுந்து. வீட்டு கிரைண்டரில் மூன்று ஈடாகத்தான் அரைபடும். முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்குள் அரைத்து முடியுங்கள்; மழைக்குளிரில் மாவு பொங்க நேரமெடுக்கும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதற்கு முந்தின இரவே அரைத்து, காலையில் பொங்கியதை அரை வயிறாக ஊற்றிய பாத்திரங்களில் பிரித்து, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் தண்ணீர்த் தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சற்றே புளிக்கும், கறிக்குழம்புக்கு அது பொருத்தம்தான்.

குண்டானில் ஒரு ஈட்டுக்குப் பதினாறு இட்லி என்றால், நூறு வேக ஒன்றரை மணி நேரம். ஐந்தரைக்கு முதல் தட்டு ஏற வேண்டும். வெந்ததை ஹாட்பாக்ஸில் போடும் முன் அடியிலும் மேலும் மெல்லிய துணி விரியுங்கள். இல்லையென்றால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேல் வரிசை குழைந்துவிடும்.

உளுந்து வடைக்கு இரவே கெட்டியாக அரைத்து உப்பு, வெங்காயம் சேர்க்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு போட்டால் நீர்த்துவிடும். காலையில் உப்பு, மிளகு, கறிவேப்பிலை சேர்த்து ஒரு நிமிஷம் கையால் அடித்துத் தட்டலாம். தேங்காய்ச் சட்னி வேண்டாம். பிள்ளைகளுக்கு இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

மதியத்துக்குப் பிரியாணி கேட்பார்கள். அதை முன்கூட்டிச் செய்துவைக்கவே கூடாது. வெந்த சோறு வெளியில் கிடந்தால் கெடுவது மணத்தில் தெரியாது. தெரிந்த பாயிடம் இரண்டரைக் கிலோ அரிசிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள், ஒரு மணிக்கு அண்டா வந்து இறங்கும். கூட வைக்கும் கத்திரிக்காய்த் தொக்கு மட்டும் உங்கள் வேலை. புளியும் எண்ணெயும் இருப்பதால் முந்தின நாள் செய்தது நன்றாகவே இருக்கும். தயிர் வெங்காயம் அப்போது நறுக்கினால் போதும்.

கொடுத்தனுப்புவது

மாலை வண்டிக்குக் கிளம்பும்போது பட்சணம் கட்டுவது தனி அமளி. அதனால் காலையிலேயே, கூட்டம் வரும் முன், குடும்பத்துக்கு ஒன்றாகப் பை போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். அதிரசத்தையும் தேன்குழலையும் ஒரே கவரில் போடாதீர்கள். அதிரசத்தின் ஈரத்தில் தேன்குழல் திருவள்ளூர் போய்ச் சேரும் முன்பே நமுத்துவிடும். செய்தித்தாளில் மடிக்கவும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டத்தில் அச்சு மை இறங்கும். வாழையிலைத் துண்டோ வெள்ளைத் தாளோ போதும். மீந்த குழம்பை யாருக்கும் கட்டித் தராதீர்கள்; ஏற்கெனவே இரண்டாம் முறை கொதித்தது அது, இரவு இட்லி உப்புமாவோடு வீட்டிலேயே தீரட்டும். லேகியத்தை மட்டும் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றி எல்லாப் பையிலும் வையுங்கள். காலையில் முகத்தைச் சுளித்து வேண்டாம் என்றவர்கள்தான் பிரியாணிக்குப் பிறகு முதலில் கேட்பார்கள்.